ஒவ்வொரு பிரேக்குக்கும் ஓர் உலை

ஆம்பூரில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். தோல் வியாபாரக் குடும்பம். ஒருவர் ஓட்டிய போர்ஷே 718 கேமன் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைச் சென்ற மாதம் வாங்கியிருக்கிறார். சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் உள்ள கார்ப் பந்தய டிராக்கில் சொந்த வண்டியை ஓட்டிப் பார்க்க ஏற்பாடு செய்யும் நாள் ஒன்றில் பெயர் கொடுக்க ஆசை. மூன்று சந்தேகங்கள்: வண்டி பாழாகிவிடுமா? இன்ஜினின் சக்தியைக் கூட்டச் சொல்லி ஒரு பட்டறையில் பெரிய தொகை கேட்கிறார்கள், அதைச் செய்துகொண்டு போவதா? அதற்கு முன் ஏலகிரி மலைப்பாதையிலோ விடியற்காலை பைபாஸிலோ பழகிக்கொள்ளலாமா? கடைசியில், "அப்பா வேண்டாம் என்கிறார்" என்று ஒரு வரி.

தம்பி, அப்பாவிடமிருந்தே தொடங்குகிறேன். நெடுஞ்சாலையில் லாரிக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் நடுவே அந்த வண்டியை விரட்டுவதைவிட டிராக்கில் ஓட்டுவது பல மடங்கு பாதுகாப்பு என்று சொல்லுங்கள். எதிரே வண்டி வராது, குறுக்கே மாடு வராது, ஓரத்தில் கொடியோடு ஆள் நிற்பார், ஆம்புலன்ஸ் நிற்கும். அவர் இதை நம்பமாட்டார். பரவாயில்லை, ஒருமுறை அவரையும் கூட்டி வந்து நிழலில் உட்கார வையுங்கள்.

என்னைப் பற்றி ஒரு வரி. ராணிப்பேட்டைப் பக்கம் முப்பது ஆண்டுகள் கொதிகலன் வேலை பார்த்தவன். எதைப் பார்த்தாலும் வெப்பக் கணக்குத்தான் எனக்கு முதலில் தோன்றும். டிராக்குக்கு அந்தப் பைத்தியம் நன்றாகப் பொருந்துகிறது. வண்டி எவ்வளவு வேகம் போகும் என்று எல்லாரும் கேட்கிறார்கள். அந்த வேகத்தைக் குறைக்கும்போது உண்டாகும் சூடு எங்கே போகிறது என்று கேட்பவர் குறைவு. ஒரு நாள் நன்றாகப் போவதும் கெட்டுப்போவதும் அங்கேதான் முடிவாகிறது.

கணக்கைப் பாருங்கள். உங்கள் கேமன் ஆளோடு சேர்த்து ஏறக்குறைய 1,400 கிலோ. நேர்ப்பாதையின் முடிவில் 180 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, வளைவுக்காக 80-க்கு இறக்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சில நொடிகளில் 14 லட்சம் ஜூல் ஆற்றலை விட்டாக வேண்டும். காற்றின் எதிர்ப்பு கொஞ்சம் எடுத்துக்கொள்ளும்; மற்றதில் பெரும்பகுதி, சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிஸ்க் என்ற இரும்புத் தட்டில் சூடாக இறங்கும். 30 டிகிரியில் இருக்கும் தண்ணீர் ஐந்து லிட்டரைக் கிட்டத்தட்டக் கொதிக்க வைக்க அது போதும். ஒரு குடும்பத்துக்குச் சோறு வடிக்கும் உலை. சாலையில் 80-இல் இருந்து வண்டியை முழுதாக நிறுத்தினாலும் ஒன்றேகால் லிட்டர் கணக்குத்தான் வரும், அதற்குப் பிறகு ஆற அரை மணி நேரம் இருக்கும்.

டிராக்கில் ஆற நேரமில்லை. இருங்காட்டுக்கோட்டை முழுச் சுற்று 3.717 கிலோமீட்டர், 12 வளைவுகள். புதியவருக்கு ஒரு சுற்று இரண்டேகால் நிமிடம் ஆனாலும் சராசரி வேகம் மணிக்கு 99 கிலோமீட்டர். சுற்றுக்கு நான்கு இடத்தில் பலமாக மிதித்தால், பதினைந்து நிமிடச் சொச்சத்தில் ஏழு சுற்று, 28 உலை. எல்லாம் முழு உலையாக இராது, பாதி என்றே வையுங்கள். அப்போதும் ஒரு கல்யாணப் பந்திக்கு வேண்டிய அடுப்பு உங்கள் சக்கரங்களுக்குள் எரிகிறது.

இதைப் புத்தகத்தில் படித்து மட்டும் சொல்லவில்லை. டிராக் பழக்கம் தொடங்கிய புதிதில், எனது பழைய ஹேட்ச்பேக்கில், மதியம் மூன்றாவது முறை இறங்கியிருந்தேன். ஐந்தாவது சுற்று. நேர்ப்பாதை முடியும் இடத்தில் வழக்கமான புள்ளியில் மிதித்தேன். பெடல் ஊறிய பஞ்சுபோல் இறங்கிப் பாய்விரிப்பைத் தொட்டது. வண்டி நிற்கிற எண்ணத்திலேயே இல்லை. இரண்டாம் முறை மிதித்தேன், மூன்றாம் முறை மிதித்தேன், கொஞ்சம் பிடித்தது. கியரை இறக்கினேன். வளைவில் திருப்ப முயன்றிருந்தால் உருண்டிருப்பேன். திருப்பாமல் நேராக ஓரத்து மண்ணில் விட்டேன். வண்டிக்குள் ஒரே புழுதி, மூக்கில் கருகிய நெடி. வண்டிக்கு ஒரு கீறலும் இல்லை. எனக்குத்தான் பல நிமிடங்கள் கால் நடுங்கியது.

காரணம் வெட்கக்கேடு. பெடலை மிதிக்கும் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பிரேக் திரவத்தை மூன்று ஆண்டுகளாக மாற்றவில்லை. அந்தத் திரவம் காற்றில் உள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். டாட் 4 வகைத் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தரநிலை. 3.7 சதவீதம் நீர் சேர்ந்த பிறகு அந்த வரம்பு 155 டிகிரிதான். டிஸ்கில் இருந்து, அதைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பருக்கு ஏறும் சூட்டில் திரவம் கொதித்து ஆவியாகும். திரவத்தை அமுக்க முடியாது, அதனால்தான் பிரேக் வேலை செய்கிறது. ஆவி அமுங்கிக்கொடுக்கும், அதனால் பெடல் தரைக்குப் போகும். நீராவிக் குழாயில் ஈரம் இருந்தால் ஊரையே கூட்டி ஏசிய மனிதன், சொந்த வண்டியில் கோட்டைவிட்டேன்.

ஆகவே தம்பி, செலவு செய்ய வேண்டிய முதல் இடம் இதுதான். புதிய, முத்திரை பிரிக்காத திரவம். டாட் 5.1 கிடைத்தால் புதிதில் 260, ஈரம் சேர்ந்தால் 180 டிகிரி. பந்தயத்துக்கென விற்கும் டாட் 4 திரவங்களில் 300 டிகிரியைத் தாண்டுபவையும் உண்டு, ஆனால் அவற்றை அடிக்கடி மாற்ற வேண்டும். ஒன்றில் கவனம்: டாட் 5 என்று தனியாக வருவது சிலிகான் வகை, பெயரில் ஒரு புள்ளிதான் வித்தியாசம், அதை உங்கள் வண்டியில் ஊற்றவே கூடாது. நான்கு சக்கரத்திலும் காற்றுக் குமிழ் போகும்வரை வடிக்கச் சொல்லி, பக்கத்தில் நின்று பாருங்கள். பழைய திரவம் தேநீர் நிறத்தில் வரும்; இளமஞ்சளாக மாறும்வரை விடாதீர்கள்.

அடுத்தது, டிஸ்கோடு உரசி வண்டியை நிறுத்தும் பிரேக் பேட். முன்பக்கம் பாதிக்குமேல் தேய்ந்திருந்தால் அதோடு டிராக்குக்குப் போகாதீர்கள். மெலிந்த பேட் சூட்டைத் தடுக்காது, நேராகத் திரவத்துக்கு அனுப்பிவிடும். டிராக் வகைப் பேட் போடலாம். காலையில் குளிராக இருக்கும்போது சரியாகப் பிடிக்காது, ஊருக்குள் கீச்சிடும். முதல் நாளுக்கு நிறுவனம் கொடுத்த பேட்டே போதும், ஏனென்றால் முதல் நாளில் நீங்கள் அவ்வளவு வேகம் போகமாட்டீர்கள். போவதாக நினைப்பீர்கள், அது வேறு.

சக்தியைக் கூட்டும் விஷயத்துக்கு வருகிறேன். வேண்டாம். அந்த வண்டியில் ஏற்கெனவே 300 குதிரைத்திறன் இருக்கிறது. அதில் பாதியைக்கூட உங்களால் இன்னும் ஒரு வளைவுக்குள் பயன்படுத்தத் தெரியாது. கோபிக்காதீர்கள், என்னாலும் முடியவில்லை. சக்தி கூடினால் நேர்ப்பாதை முடிவில் வேகம் கூடும். சூடு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 180-க்குப் பதில் 200-இல் இருந்து 80-க்கு இறக்கினால் 14 லட்சம் ஜூல் 18 லட்சம் ஆகிவிடும். பட்டறைக்காரர் உங்கள் உலையில் இன்னும் அரிசி போடச் சொல்கிறார், அடுப்பைப் பற்றிப் பேசவில்லை. அந்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கை ஒரு நல்ல பயிற்றுநருக்குக் கொடுத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார வையுங்கள்.

டயர். ஆற்றில் நீரில்லை, மலையில் மரமில்லை என்று வேலூரைக் கேலி பேசுவார்கள், வெயிலில் குறை சொன்னவர் கிடையாது. அக்னி நட்சத்திரத்தில் டிராக் நாள் வைத்தால் போகாதீர்கள். தை, மாசி நல்லது. குளிர்ந்த டயரில் 33 பிஎஸ்ஐ காற்று வைத்து இறங்கினால், உள்ளே இருக்கும் காற்று 30 டிகிரியில் இருந்து 70-க்கு ஏறும்போது அழுத்தம் 39 ஆகிவிடும். அதிக அழுத்தத்தில் டயரின் நடுப்பகுதி உப்பித் தரையைக் குறைவாகத் தொடும், வண்டி வழுக்கும். எனவே வெளியே வந்தவுடன் சூட்டோடு அளந்து, கூடியதை இறக்க வேண்டும். சொந்தமாக ஒரு காற்றுமானி வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை நான் காலையில் நான்கு டயரையும் சமமாக வைத்துவிட்டு நிம்மதியாக இட்லி சாப்பிடப் போனேன். திரும்பி வந்து அளந்தால் வலப்பக்கம் இரண்டும் 2 பிஎஸ்ஐ கூடுதல். மானி கெட்டுவிட்டது என்று பக்கத்து வண்டிக்காரரிடம் இரவல் வாங்கி அளந்தேன், அதே கணக்கு. வண்டியின் வலப்பக்கம் வெயிலில் நின்றிருந்தது, அவ்வளவுதான். மாலையில் வீடு திரும்புமுன் இறக்கிய காற்றை மறுபடி ஏற்ற மறக்காதீர்கள்.

ஏலகிரி, பைபாஸ் இரண்டுக்கும் ஒரே பதில்: கூடாது. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் கவிஞர், வள்ளல் பெயர்களை அழகாக வைத்திருக்கிறார்கள். அந்த வளைவுக்கு மறுபக்கம் இருந்து வரும் அரசுப் பஸ்ஸுக்கு நீங்கள் பயிற்சியில் இருப்பது தெரியாது. பொதுச் சாலையில் வேகப் போட்டி நடத்துவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவில் குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறைக்கே மூன்று மாதச் சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம் வரை போகலாம், அல்லது இரண்டும். சட்டம் கிடக்கட்டும், அங்கே கற்பதும் தவறான பாடம். சாலையில் உங்களுக்குக் கிடைப்பது ஒரு பாதி அகலம். டிராக்கில் முழு அகலமும் உங்களுடையது, வித்தையே அந்த அகலத்தைச் செலவு செய்வதில்தான் இருக்கிறது.

எப்படி என்றால், ஒரு வளைவை அதன் உட்புறத்தை ஒட்டியே சுற்றினால் ஆரம் 40 மீட்டர் என்று வையுங்கள். நல்ல டயர் வண்டியின் எடை அளவுக்குப் பக்கவாட்டில் பிடிக்கும் என்று கொண்டால், மணிக்கு 71 கிலோமீட்டர்தான் உச்சம். அதே வளைவுக்கு வெளி ஓரத்தில் இருந்து நுழைந்து, நடுவில் உள் ஓரத்தைத் தொட்டு, மறுபடி வெளி ஓரத்துக்கு விரிந்தால் நீங்கள் வரையும் வட்டத்தின் ஆரம் 60 மீட்டர் ஆகலாம். இப்போது 87. அதே வண்டி, அதே டயர். மலைப்பாதையில் வண்டி போகும் இந்தக் கோட்டைப் பழகினால் எதிர்ப்பக்கத்தில்தான் போய் நிற்பீர்கள்.

கோட்டைப் பிடிப்பது கை அல்ல, கண். சிறுவயதில் சைக்கிள் பழகியபோது, தெருவில் கிடந்த ஒரே கல்லை "மோதிவிடக் கூடாது, மோதிவிடக் கூடாது" என்று பார்த்துக்கொண்டே போய்ச் சரியாக அதன்மேல் ஏற்றியது நினைவிருக்கும். டிராக்கிலும் அதே மனம்தான் உட்கார்ந்திருக்கிறது. தடுப்புச் சுவரைப் பார்த்தால் சுவருக்குப் போவீர்கள். பிரேக் மிதிக்கும்போதே கண் உள் ஓரப் புள்ளிக்குப் போய்விட வேண்டும். அந்தப் புள்ளியை வண்டி தொடுமுன் கண் வெளியேறும் இடத்துக்குத் தாண்டிவிட வேண்டும். பயிற்றுநர் நாள் முழுக்க "பார்வை, பார்வை" என்றே கத்துவார். ஆறாவது முறை எரிச்சல் வரும். ஏழாவது முறை திடீரென்று வளைவு அகலமாகத் தெரியும்.

பிரேக்கை நேராக ஓடும்போதே முடித்துவிடுங்கள், பிறகு திருப்புங்கள். டயரிடம் இருக்கும் பிடிப்பு ஒரு படி அரிசி; பிரேக்குக்கு முழுதும் வடித்துவிட்டால் திருப்பத்துக்கு ஒரு பருக்கை மிஞ்சாது. பிரேக்கை மெல்ல விட்டுக்கொண்டே திருப்பத்துக்குள் நுழையும் நுணுக்கம் ஒன்று உண்டு. அது இரண்டாம் வருடப் பாடம், இப்போது தொடாதீர்கள். வளைவுக்குள் பத்து சதவீதம் வேகம் கூடினால் இருபத்தொரு சதவீதம் பிடிப்பு கூடுதலாகத் தேவை, அது டயரிடம் இருக்காது. மெதுவாக உள்ளே போய், வேகமாக வெளியே வாருங்கள்.

கேமனுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. இன்ஜின் உங்கள் முதுகுக்குப் பின்னால், பின் அச்சுக்கு முன்னால் இருக்கிறது. பாரம் நடுவில் குவிந்திருப்பதால் வண்டி நினைத்தவுடன் திரும்பும். அதே காரணத்தால் பிடி விட்டால் பம்பரம்போல் வேகமாகச் சுழலும். வளைவின் நடுவே பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரில் இருந்து சடாரென்று காலை எடுத்தால், பாரம் முன்னால் சாய்ந்து பின் டயர் இலேசாகி வால் வெளியே வரும். பயம் வந்தால் காலை முழுதாக எடுக்காமல் கொஞ்சம் தளர்த்தி, கண்ணை வெளியேறும் திசையிலேயே வையுங்கள். சுழலத் தொடங்கி மீட்க முடியாது என்று தெரிந்தால் பிரேக்கை முழுதாக மிதித்துப் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு சக்கரம் மண்ணில் இறங்கிவிட்டால் ஸ்டீயரிங்கை வெடுக்கென்று ஒடித்து மேலே ஏற முயலாதீர்கள். நேராகவே விட்டு, வேகம் குறைந்த பிறகு ஏறுங்கள். வழுக்கல் தடுப்பு மின்னணு வசதியை அணைத்துவிட்டு ஓட்டுவதுதான் வீரம் என்று அங்கே யாராவது சொல்வார்கள். சிரித்துவிட்டு வாருங்கள்.

கொடிகளைக் காலைக் கூட்டத்தில் சொல்வார்கள். மஞ்சள் என்றால் முன்னால் ஆபத்து, முந்தக் கூடாது; சிவப்பு என்றால் வேகத்தைக் குறைத்து வெளியேற வேண்டும்; நீலம் என்றால் பின்னால் வேகமான வண்டி; கறுப்பு உங்களைத்தான் கூப்பிடுகிறது. மஞ்சளில் சிவப்புக் கோடு இருந்தால் தரையில் எண்ணெய் அல்லது வழுக்கல். நீலக் கொடியில் ரோஷப்படாதீர்கள். பழைய மாருதியில் வந்த பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் என்னைச் சுற்றுக்கு ஒருமுறை முந்திய நாளும் உண்டு.

வண்டிக்குள் தளர்வாக எதுவும் இருக்கக் கூடாது. தண்ணீர் பாட்டில் பிரேக் பெடலுக்கு அடியில் உருண்டால் முடிந்தது கதை. பாய்விரிப்பு, கைபேசி, டாஷ்போர்டுப் பிள்ளையார் எல்லாம் வண்டிக்கு வெளியே. முன்னால் கட்டிய எலுமிச்சை மிளகாய்ச் சரத்தை அவிழ்க்கச் சொன்னபோது எனக்கே ஒரு நொடி மனம் வரவில்லை. பிள்ளையாரை என் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளக் கேட்டேன், அதற்கும் மறுத்துவிட்டார்கள். ஹெல்மெட் முகம் மூடியதாக, கார் ஓட்டத்துக்கென்று சான்றளித்ததாக இருந்தால் நல்லது. அவற்றின் உள்துணி எளிதில் தீப்பற்றாது. முழுக்கைப் பருத்திச் சட்டை, மெல்லிய அடியுள்ள ஷூ. இருக்கையில் தோள் சாய்ந்தபடி கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங் மேல் விளிம்பில் படியும் தூரம் சரியான தூரம். மோர் நிறையக் குடியுங்கள்.

இனி அப்பா கேட்கப்போகும் கேள்வி. காப்பீடு கிடையாது என்று வைத்துக்கொண்டுதான் போக வேண்டும். நம் நாட்டு வாகனக் காப்பீட்டுப் பத்திரத்தில் பந்தயம், வேகச் சோதனை ஆகியவற்றுக்குப் பொறுப்பில்லை என்று தெளிவாக அச்சிட்டிருக்கும். நான் பந்தயம் ஓட்டவில்லை, பழகினேன் என்று வாதாடலாம், அந்த வழக்கு முடிவதற்குள் உங்கள் மகன் கார் ஓட்டக் கற்றுவிடுவான். சேதத்துக்கு நானே பொறுப்பு என்று நுழைவாயிலிலும் கையெழுத்து வாங்குவார்கள். வண்டியின் விலையை ஒரு நாளில் இழக்கத் தாங்காது என்றால் முதல் சில முறை விலை குறைந்த ஹேட்ச்பேக்கில் போங்கள். உங்கள் கேமன் ஓடிவிடாது. "வண்டி பாழாகுமா" என்பதற்கும் பதில் இதுவே: பேட், டயர், திரவம் தேயும், ஆயில் அளவையும் சூட்டையும் பார்த்து ஓட்டினால் இன்ஜினுக்கு ஒன்றும் ஆகாது.

இடத்தைப் பற்றியும் கொஞ்சம். வேலூரில் இருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர், சென்னசமுத்திரம் சுங்கச்சாவடி, காவேரிப்பாக்கம், சுங்குவார்சத்திரம், திருப்பெரும்புதூர் தாண்டினால் வந்துவிடும். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் டிராக் அது. அதற்கு முன் சோழவரத்தில், உலகப் போர்க்கால விமான ஓடுபாதையில்தான் பந்தயங்கள் நடந்தன. கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. மாருதி 800 இன்ஜினை வைத்து எளிய பந்தயக் கார் செய்து கொடுத்த கரிவரதனின் நினைவாகப் பெயரிட்டது. அவர் 1995-இல் விமான விபத்தில் இறந்துபோனார். பணக்காரர் விளையாட்டை நடுத்தர வீட்டுப் பையன்களிடமும் கொண்டுவந்த மனிதர். அது சிறிய டிராக், வேகம் குறைவு, பழக நல்லது, ஆனால் நமக்குத் தூரம்.

ஒவ்வொரு முறையும் கடைசிச் சுற்றை பிரேக்கே தொடாததுபோல் மெதுவாக ஓட்டி வாருங்கள், டிஸ்க் காற்றில் ஆறட்டும். நிறுத்தியதும் பார்க்கிங் பிரேக் போடாதீர்கள். கொதிக்கும் நிலையிலேயே பிரேக் கவ்விக்கொண்டு நிற்கும். கியரை பார்க் நிலையில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். மாலையில் சோர்வு தெரியாது, ஆனால் இருக்கும். "கடைசியாக ஒரு ரவுண்டு" என்று தோன்றும்போது ஹெல்மெட்டைக் கழற்றிவிடுங்கள். திரும்பும் வழியில் 100 கிலோமீட்டர் வேகம் நடப்பதுபோல் தோன்றும், கண் ஏமாறும். ஓச்சேரியில் ஒரு தேநீர், அரை மணி நேரம், பிறகு கிளம்புங்கள்.

நான் தை மாதம் போகிறேன். காற்றுமானி, நட்டை அளந்து முறுக்கும் டார்க் ஸ்பானர், தார்ப்பாய் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. நீங்கள் பிரேக் திரவத்தை மட்டும் மாற்றிவிட்டு வாருங்கள். மாற்றிய ரசீதைக் காட்டினால்தான் பக்கத்து இருக்கையில் உட்காருவேன்.